மலைப்பாதையில் நான்காவது பயணி

குடும்பமாகப் பயணம் புறப்படும் நாளில் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு கேள்வி எழுவதுண்டு: யாரை விட்டுச் செல்வது? படியேற இயலாத பாட்டியார், நோயிலிருந்து இன்னும் தேறாத பிள்ளை, வாயிலைக் காக்கும் நாய் என இவர்களுள் ஒருவரேனும் பின்தங்கியே ஆகவேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். வண்டியில் இடமில்லை, விடுதியில் அனுமதியில்லை, அவர்களால் வேகம் குறையும். இக்காரணங்கள் யாவும் உண்மையே. ஆயினும் அத்தகையோரை உடன் அழைத்துச் செல்வோரும் உலகில் இருக்கின்றனர். அவ்வாறு செல்லும்போது பயணம் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய நமக்கும் ஒரு வாய்ப்புக் கிட்டியது.

தோபித்து ஆகமத்தை வாசித்தோர் அதில் ஒரு சிறு செய்தியைக் கவனித்திருப்பர். இளைஞர் தோபியாஸ், வானதூதர் இரபேலின் துணையோடு மேதியா நாட்டை நோக்கிப் புறப்படுகையில், அவ்வீட்டு நாயும் உடன் சென்றது. திரும்பி வருகையிலும் பின்தொடர்ந்து வந்தது. அந்த நாயால் கதையில் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. அது பேசவில்லை, வழிகாட்டவில்லை, எவரையும் காப்பாற்றவும் இல்லை. உடன் சென்றது என்பது மட்டுமே அதைப் பற்றிய செய்தி. எனினும் ஆகம ஆசிரியர் அதை மறவாமல் எழுதி வைத்தார்.

மோட்டார் வண்டிகளின் காலத்திலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. 1903 ஆம் ஆண்டு மே 23 அன்று, ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற மருத்துவர், ஐம்பது டாலர் பந்தயத்தின் பேரில், சூவல் குரோக்கர் என்ற துணைவரோடு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வின்டன் காரில் புறப்பட்டார். இடாகோ மாநிலத்தில் 'பட்' என்ற நாய் ஒன்றை விலைக்கு வாங்கித் தம்மோடு ஏற்றிக்கொண்டார். முன்கண்ணாடியில்லாத திறந்த வண்டியாதலால், சாலைப் புழுதி நாயின் கண்களைப் புண்ணாக்கிற்று. ஆகவே மனிதர் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியையே அதற்கும் அணிவித்தனர். ஜூலை 26 அன்று அம்மூவரும் நியூயார்க்கை அடைந்தனர். அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முதன்முதலாகக் காரில் கடந்த பயணம் அதுவே. அந்தக் காரும் நாயின் கண்ணாடியும் அந்நாட்டின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளன.

1960 இல், பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற ஜான் ஸ்டீன்பெக், சிறுவண்டி ஒன்றின் பின்புறத்தில் வீடு போன்ற அறையைப் பொருத்தி, 'சார்லி' என்ற நாயோடு தம் நாட்டைச் சுற்றி வந்தார். எல்லோஸ்டோன் பூங்காவுக்குள் நுழைந்ததும், அதுவரை சாதுவாயிருந்த சார்லி கரடிகளைக் கண்டு வெறிகொண்டு குரைத்தது. எழுத்தாளர் பூங்காவைப் பார்க்காமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியேறினார்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் பயணம் புறப்படுமுன் நமக்குச் சொன்னவர், டென்வர் நகருக்கு அண்மையில் வாழ்ந்த பெரியவர் ஒருவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 2019 ஆம் ஆண்டு கோடையில் அங்குள்ள பங்கொன்றில் சில மாதம் பணியாற்றச் சென்றிருந்தோம். பணி முடிந்ததும் அவரும், செவிலியராயிருந்து ஓய்வுபெற்ற அவருடைய துணைவியாரும், ராக்கி மலைத்தொடரைக் காண்பதற்கு நம்மைத் தங்களோடு அழைத்தனர். "நாம் மூவர் அல்லர், ஃபாதர், நால்வர்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான்காவது பயணி டெய்சி. பன்னிரண்டு வயது நிரம்பிய லாப்ரடார் நாய்.

நகரும் இல்லம்

அவர்களுடைய வண்டியை அந்நாட்டில் 'ஆர்.வி.' என்று அழைக்கின்றனர். வீட்டையே சக்கரங்களின் மேல் ஏற்றி வைத்தாற்போன்றது அது. இருபத்து நான்கு அடி நீளம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை, பின்புறம் மற்றொன்று. எரிவாயு அடுப்பு, குளிர்பெட்டி, சிறு கழிப்பறை. அடியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல நீருக்கு, மற்றொன்று பாத்திரம் கழுவிய நீருக்கு, மூன்றாவது கழிவறைக்கு. பின்னவை இரண்டையும் அதற்கென அமைந்த இடங்களில் மட்டுமே திறந்துவிடலாம். ஆகவே, அன்றாடம் எவ்வளவு நீர் செலவழிக்கிறோம் என்பதை வீட்டில் ஒருபோதும் எண்ணாதவரும் இவ்வண்டியில் எண்ணப் பழகிவிடுகிறார்.

முதிய நாய்க்கு இவ்வண்டி ஏற்றதாய் இருப்பதன் காரணத்தை அம்மையார் விளக்கினார். விடுதிகள் பல நாயை ஏற்பதில்லை. ஏற்றாலும் நாள்தோறும் புதிய அறை, புதிய வாசனை. வண்டியிலோ சுற்றியுள்ள ஊர் மாறினாலும் டெய்சியின் படுக்கையும் தண்ணீர்க் கிண்ணமும் அதே இடத்தில் இருக்கும். ஏறி இறங்க அதன் கால்களுக்கு வலுவில்லாததால், மடித்து விரிக்கும் சாய்பலகை ஒன்றைச் செய்து வைத்திருந்தனர். வண்டி நின்றவுடன் முதலில் இறக்கப்படுவது அந்தப் பலகைதான்.

வானை ஒட்டிய சாலை

செப்டம்பர் முதல் வாரத்தில், எஸ்டஸ் பார்க் என்ற ஊரிலிருந்து அதிகாலையில் புறப்பட்டோம். அம்மலைகளில் பிற்பகலில் இடியும் மின்னலும் திடீரென்று சூழ்ந்துகொள்ளும். மரமே இல்லாத உச்சிகளில் அப்போது நிற்பது உயிருக்கு ஆபத்து. ஆகையால் முற்பகலிலேயே உயரத்தைக் கடந்துவிடுவது விவேகிகளின் வழக்கம்.

ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் ஊடே செல்லும் டிரெயில் ரிட்ஜ் சாலை நாற்பத்தெட்டு மைல் நீளமுடையது. 1932 இல் திறக்கப்பட்டது. அதன் மிக உயர்ந்த இடம் 12,183 அடி. நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 8,650 அடி மட்டுமே என்பதை எண்ணினால் அவ்வுயரம் விளங்கும். முதலில் பைன் மரங்கள் அடர்ந்து நின்றன. மேலே ஏற ஏற அவை குறுகி, வளைந்து, காற்று வீசும் பக்கத்தில் கிளையின்றி, இறுதியில் மறைந்தே போயின. அதற்கப்பால் பதினொரு மைலுக்குப் பாறையும், விரலளவே உயர்ந்த புல்லும், தரையோடு ஒட்டிய செடிகளும் மட்டுமே. வடதுருவத்துக்கு அண்மையில் உள்ள நிலத்தைப் போன்றது அது. அங்கே ஒரு செடி மிதிபட்டால் மீண்டும் தழைக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அவ்வுயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளி கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. நமக்கே தலை கனத்தது. டெய்சி வாய் திறந்து வேகமாக இரைக்கத் தொடங்கிற்று. அம்மையார் அதன் உதட்டை விலக்கி ஈறுகளைப் பார்த்தார். இளஞ்சிவப்பாய் இருக்கவேண்டியவை வெளிறியிருந்தன. உச்சியில் ஒரு மணி நேரம் தங்கிக் காலை உணவு உண்பது என்று முந்திய இரவு பேசியிருந்தோம். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பெரியவர் வண்டியை நிறுத்தாமலேயே மறுபுறம் இறக்கினார்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். கனத்த வண்டியைப் பிரேக்கை அழுத்தி அழுத்தியே இறக்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். அவர் கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி செய்தார். பிரேக்கை அவ்வப்போது மட்டும் மிதித்தார். பின்னால் விரைந்து வந்த வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டார். வழியில் மில்னர் கணவாய் வந்தது. கண்டத்தின் நீர்ப்பிரிகோடு அது. அங்கே ஒருபுறம் பெய்யும் மழை அட்லாண்டிக் கடலை நோக்கியும், மறுபுறம் பெய்வது பசிபிக் கடலை நோக்கியும் செல்லும். கிராண்ட் லேக் என்ற ஏரிக்கரையை அடைந்தபோது டெய்சியின் மூச்சு சீராயிருந்தது. எனினும் அன்றிரவு அது உணவைத் தொடவில்லை.

நாய்க்கு மூடிய கதவுகள்

அந்நாட்டுத் தேசியப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில், நாயை நடைபாதைகளில் அழைத்துச் செல்லத் தடையுண்டு. சாலையோரம், வண்டி நிறுத்துமிடம், முகாம் திடல் ஆகிய இடங்களில் மட்டும், ஆறடிக்கு மேற்படாத வாரில் பிடித்துச் செல்லலாம். முதலில் இது கடுமையாகத் தோன்றும். ஆனால் காரணங்கள் உண்டு. நாயின் வாசனையே மான்களையும் சிறு பிராணிகளையும் அவற்றின் இடத்திலிருந்து விரட்டும். கரடியைச் சீண்டும் நாய், துரத்தப்பட்டவுடன் தன் எசமானிடமே ஓடிவரும்; கரடியும் பின்னால் வரும். நாயின் உணவுக் கிண்ணத்தைக்கூட இரவில் வெளியே விடக்கூடாது; அதன் வாசனை கரடியை முகாமுக்கு இழுத்துவிடும்.

நாயை வண்டியிலேயே பூட்டிவிட்டுச் சென்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். வெளியே 21 பாகை வெப்பம் மட்டுமே இருக்கும் இதமான நாளிலும், கதவடைத்த காருக்குள் அரை மணியில் 40 பாகையை எட்டிவிடும். நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. இரைத்தே அது தன் சூட்டைத் தணிக்கிறது. சுற்றியுள்ள காற்றே சூடானால் அதற்கு வழியேது? அவ்வாறு சிக்கிய நாயைக் காக்க, முறைப்படி காவலருக்குத் தகவல் தந்தபின், பிறர் வண்டியின் கண்ணாடியை உடைப்போருக்குக் கொலராடோ மாநிலம் 2017 இல் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

பூங்காக்களுக்கு அடுத்தாற்போல் 'தேசிய வனங்கள்' என்ற பரந்த காடுகள் உள்ளன. அங்கே பெரும்பாலான பாதைகளில் நாய்க்கு அனுமதியுண்டு. நாயோடு செல்வோர் இவ்வேறுபாட்டை அறிந்து தம் வழியை வகுத்துக்கொள்கின்றனர். வயோமிங் மாநிலத்துச் ஷோஷோனி தேசிய வனத்தில் ஒருநாள் முழுவதும் தங்கினோம். 1891 இலேயே அரசு பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்த காடு அது. அந்நாட்டின் தேசிய வனங்களுள் முதன்மையானது. அந்த நாளை அவர்கள் 'டெய்சியின் நாள்' என்றே குறிப்பேட்டில் எழுதியிருந்தனர். ஓடைக்கரையில் அரை மைல் நடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு கல்லையும் டெய்சி முகர்ந்தது. அதன் வேகத்தில் நடந்ததால், பாதையோரத்து எறும்புப் புற்றையும், ஈரமண்ணில் பதிந்த மான் குளம்பையும், பாறையில் படர்ந்த செம்மஞ்சள் பாசியையும் நாமும் கண்டோம்.

அதற்கு முந்திய நாள், வழியிலிருந்த சிற்றூர் ஒன்றில் கால்நடை மருத்துவர் டெய்சியைச் சோதித்திருந்தார். இதயம் தளர்ந்துள்ளது, பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் பத்தாயிரம் அடிக்கு மேல் கொண்டு செல்லாதீர்கள் என்றார். பெரியவர் பதிலொன்றும் சொல்லாமல் நிலப்படத்தை மடித்து வைத்தார். அதன் காரணம் நமக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

வெந்நீர் ஊற்றுகளின் நடுவே

கிராண்ட் டீட்டன் மலைகளைப் பார்த்துக்கொண்டே எல்லோஸ்டோனை அடைந்தோம். அடிவாரக் குன்றுகளே இல்லாமல், சமவெளியிலிருந்து நேராக எழுந்து நிற்கும் மலைகள் அவை. எல்லோஸ்டோன் 1872 இல் அமைந்த உலகின் முதல் தேசியப் பூங்கா. நிலத்தின் அடியிலுள்ள வெப்பத்தால் நீர் கொதித்துப் பீறிடும் ஊற்றுகள் அங்கே எண்ணற்றவை. அவற்றுக்கிடையே பலகைப் பாதைகள் அமைத்துள்ளனர். நாய்க்கு அங்கும் இடமில்லை.

இந்தத் தடையின் பொருளை 1981 ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த ஒரு துயரம் உணர்த்தும். வண்டியிலிருந்து தப்பியோடிய நாய் ஒன்று, தொண்ணூறு பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுடைய குளத்தில் பாய்ந்தது. அது நண்பருடைய நாய். அதைக் காக்க எண்ணிய இளைஞர் ஒருவர், பிறர் தடுத்துக் கூவியும் கேளாமல், அந்நீரில் குதித்தார். நாயும் மாண்டது, அவரும் மறுநாள் உயிர்நீத்தார். 2021 அக்டோபரிலும், ஊற்றில் விழுந்த நாயை மீட்கச் சென்ற இளம்பெண் ஒருவர் பலத்த தீக்காயமுற்றார். இரக்கம் நல்லதே. ஆனால் அதற்கு முன்பாகவே வாரைக் கையில் இறுகப் பிடித்திருப்பதும் இரக்கத்தின் ஒரு பகுதியாகும்.

'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' என்னும் புகழ்பெற்ற ஊற்று ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை பீறிட்டெழுகிறது. முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் நிழலில் டெய்சியோடு அமர்ந்திருக்க, மற்ற இருவர் சென்று வருவது என்று ஏற்பாடு. இவ்வாறு ஓர் ஊற்றைக் காண அரைநாள் கழிந்தது. நம்முடைய முறை வந்தபோது, டெய்சியின் தலை நம் பாதத்தின் மேல் கிடந்தது. அவ்வழியே சென்ற குழந்தைகளும் முதியோரும் நின்று நின்று பேசினர். தனியே அமர்ந்திருக்கும் அந்நியரோடு எவரும் பேசார். நாயோடு அமர்ந்திருப்பவரோடு எல்லோரும் பேசுகின்றனர்.

இரு சாலைகள்

மம்மத் வெந்நீரூற்று என்னும் இடத்தில் சாலை பிரிகிறது. கிழக்கே செல்வது குக் சிட்டி வழியாகப் பேர்டூத் நெடுஞ்சாலையை அடையும். 1936 இல் திறக்கப்பட்ட அச்சாலை, அந்நாட்டின் மிக அழகிய மலைச்சாலைகளுள் ஒன்று எனப் பெயர் பெற்றது. அதன் கணவாய் 10,947 அடி உயரத்தில் உள்ளது. வடக்கே செல்வது கார்டினர் என்ற ஊருக்கு இறங்கும் தாழ்ந்த சாலை.

அன்றிரவு முகாமில் அம்மையார் நம்மிடம் செய்தியைச் சொன்னார். 1974 செப்டம்பரில், மணமான மறுவாரம், அவர்கள் இருவரும் பழைய கார் ஒன்றில் பேர்டூத் கணவாயைக் கடந்தனராம். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அங்கே நின்று இரவு உணவு உண்பதற்காகவே இப்பயணத்தைத் திட்டமிட்டிருந்தனர். கார்டினரில் நாய்க்காப்பகம் ஏதேனும் இருந்தால் ஒருநாள் டெய்சியை அங்கே விட்டுச் செல்லலாமே என்று நாம் கூறினோம். பழக்கமில்லாத இடத்தில், தளர்ந்த இதயத்தோடு, அது இரவெல்லாம் வாயிலையே பார்த்துக்கொண்டிருக்கும் என்றார் அம்மையார். "நான் இதனோடு இங்கே இருக்கிறேன், நீங்கள் ஃபாதரை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்" என்று கணவரிடம் சொன்னார். பெரியவர் நெடுநேரம் அடுப்பின் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இருவராகக் கடந்த கணவாயைத் தனியே கடக்கத் தமக்கு மனமில்லை என்று மட்டும் சொன்னார். அவருக்கு வருத்தம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் முயலவில்லை.

மறுநாள் காலை வடக்கே இறங்கினோம். பூங்காவின் வாயிலில் கருங்கல் வளைவு ஒன்று நிற்கிறது. அதற்கு அடிக்கல் நாட்டியவர் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஆண்டு 1903. பட் என்ற நாய் கண்ணாடி அணிந்து கண்டம் கடந்த அதே ஆண்டு. நாம் இறங்கிய அச்சாலையைப் பின்னர் 2022 ஜூனில் வந்த பெருவெள்ளம் பல இடங்களில் அடித்துச் சென்றது. வேறொரு பழைய வழியை அகலப்படுத்தி அவ்வாண்டு அக்டோபரில் போக்குவரத்தை மீண்டும் தொடங்கினர்.

அன்று மாலை எல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினோம். மணநாள் விருந்து அங்கேயே நடந்தது. சூடான காய்கறிச் சாறும், ரொட்டியும், ஒரு சிறு கேக்குமே விருந்து. மலைகளின் மேல் வெளிச்சம் சிவந்து மங்கிற்று. டெய்சி முன்னங்கால்களை ஆற்றில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றது. 1974 இல் கணவாயின் உச்சியில் தங்கள் காரின் சக்கரம் பழுதாகி, குளிரில் நடுங்கிக்கொண்டே நின்ற கதையை இருவரும் மாறிமாறிச் சொல்லிச் சிரித்தனர். உச்சிக்குப் போயிருந்தால் அக்கதையை இவ்வளவு நேரம் சொல்ல அங்கே வீசும் காற்று விட்டிருக்காது என்றார் பெரியவர்.

2020 ஆம் ஆண்டு பெப்ருவரியில் டெய்சி இறந்துவிட்டதாக அவர்களிடமிருந்து மடல் வந்தது. கணவாய் கோடைதோறும் திறக்கிறது. அதற்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று அம்மையார் அதில் எழுதியிருந்தார்.

நலிந்தவரை உடன் அழைத்துச் செல்வோர் இழப்பது சிறிதன்று என்பதைக் கண்ணாரக் கண்டோம். அவர்கள் உச்சியை இழந்தனர். காலை உணவை இழந்தனர். ஓர் ஊற்றுக்கு அரைநாளைச் செலவிட்டனர். அவற்றை வீண் என்று அவர்கள் எண்ணவில்லை என்பதையும் கண்டோம். அன்புள்ள வாசகர்களே, அடுத்த விடுமுறைக்கு நாட்காட்டியைப் புரட்டும்போது, எங்கே செல்வது என்று கேட்பதற்கு முன், நம் வீட்டில் மிகவும் தளர்ந்தவர் யார், அவரால் எவ்வளவு தூரம் இயலும், எத்தனை மணிக்கு ஒருமுறை அவர் இளைப்பாற வேண்டும் என்று முதலில் கேட்டுப் பார்ப்போம். இடத்தை அதன்பின் தேர்ந்துகொள்ளலாம்.